ஒரு சாண்

அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன்.
மறுமுனை ருதாகோவ் கையில்.
பூஜ்யம் என் கட்டைவிரலுக்கடியில் இருந்தது,
எண் அவர் பக்கம்.

பெய்ப்சி ஏரி உறைந்து மூன்று மாதமாகியிருந்தது.
நடுநடுவே பனிக்கட்டி முனகும்,
தூக்கத்தில் புரளும் மாடு மாதிரி.
என்ஜினை அணைக்காமல் லாரி கரையில் நின்றது.
சாட்சிக்குப் படித்தவர் ஒருவர் வேண்டுமாம்;
ஏழாம் வகுப்பைப் பின்னக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு
வந்திருந்தேன்.

"பதினெட்டு" என்றார்.
உதவியாளன் குறித்துக்கொண்டான்.
நான் கையுறையைக் கழற்றி
துளையின் மேல் கையை விரித்து வைத்தேன்.
ஏன் வைத்தேனோ.
இந்த விளிம்பில் கட்டைவிரல், அந்த விளிம்பில் சுண்டுவிரல்.
மீன் தூண்டில் இறக்கத் துரப்பணத்தால் குடைந்த துளை.

அதன் வழியாகத்தான்
ஹெல்தூர் கஸ்க் தவறி விழுந்தான் என்கிறது அறிக்கை.

கூட்டுப்பண்ணையில் மீன் எடை எழுதுகிறவன்,
எங்கள் பள்ளி வாசலில் நுழையக்கூட
தோளை ஒருக்களிக்கிறவன்.
எண்சாண் உடம்பு.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றால்
இதையும் நம்பலாம்.

நாற்பது அடி தள்ளிக் கிடந்தான்,
பனிக்கடியில், மல்லாந்து.
ரம்பம் போட்டு எடுத்தார்கள்.
ஒரு காலில் கம்பளி பூட்ஸ்.
மற்றது எடைக் கொட்டகையில் அடுப்போரம் இருந்தது,
நன்றாகக் காய்ந்து.
எடைப் பேரேட்டில் கடைசி வாரத்துத் தாள்களைப்
பிளேடால் வழித்திருந்தார்கள், தையல் பிரியாமல்.
'கணக்கு உதைக்குது' என்று
முந்தின ஞாயிறு மனைவியிடம் சொன்னானாம்,
உருளைக்கிழங்கு உரித்தபடி.
என்ன கணக்கு? யார் பங்கு?
அவன் சொல்லவில்லை.
அவளும் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெங்காயக்காரி ஃபெவ்ரோனியாவை ஒருவரும் விசாரிக்கவில்லை.
பழைய மதத்துக்காரி, இரண்டு விரலால் சிலுவை போடுகிறவள்,
அவள் பேச்சு எந்த அரசாங்கக் காகிதத்தில் ஏறும்?
என்னிடம் சொன்னாள், வெங்காயச் சரத்தைத் தராசில் தொங்கவிட்டு:
"அன்னிக்கு ராத்திரி கொட்டகையில விளக்கு எரிஞ்சுது டீச்சர்.
ரெண்டு குரல். ஒண்ணு அவன்து.
இன்னொண்ணு யாரோடதுன்னு கேக்காதீங்க."

கேட்கவில்லை.
ஒன்றரைக் கிலோவுக்குக் காசு கொடுத்தேன்.

மெலானி கேட்டாள், நான்கு வருடம் கழித்து,
பேருந்து நிறுத்தத்தில், என் முகத்தைப் பார்க்காமல்:
"நாடா பிடிச்சது நீங்கதானே?"
ஆமாம் என்றேன்.
"துளை பெரிசா இருந்ததா?"
பேருந்து வந்தது.
ஏறிவிட்டேன்.
கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால்
அவள் நின்றாளா, போனாளா, பார்க்க முடியவில்லை.
துடைத்துப் பார்த்திருக்கலாம்தான்.

தொண்ணூற்றிரண்டில் கோப்புகளைத் திறந்துவிட்டார்கள்.
தார்த்துவுக்குப் போனேன்.
இரும்புக் கவ்வியின் துருத் தடத்துக்குக் கீழே
துளையின் விட்டம்: எண்பத்தொன்று.
அதற்குக் கீழே என் கையெழுத்து,
வகுப்பில் கரும்பலகையில் போடுகிற அதே சுழி.

தட்டச்சு செய்தவளின் விரல் பிசகியதா?
எட்டும் ஒன்றும் அந்த இயந்திரத்தில்
பக்கத்துப் பக்கத்து வீடுகள் இல்லையே.
இல்லை, காகிதம் என்னிடம் வந்தபோதே அப்படித்தான் இருந்ததா,
மணி அடிக்கப்போகிறதே என்று
வாசிக்காமல் போட்டேனா?
வாசித்துவிட்டுப் போட்டேனா?
இந்தக் கடைசிக் கேள்வியை
வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ருதாகோவ் அதற்குள் செத்துப்போயிருந்தார்,
சொந்தக் கட்டிலில், பேரப்பிள்ளைகள் சூழ.

எனக்கு இருக்கிற ஒரே தடயம் இந்தக் கை.
ஆண்டுதோறும் ஏரி உறைகிற வாரத்தில்
சமையல் மேசையில் அதை விரித்து
நாடா வைத்துப் பார்ப்பேன்.
வெகுகாலம் பதினெட்டிலேயே நின்றது.
பிறகு மூட்டுவாதம்,
சுண்டுவிரல் உள்ளே வளையத் தொடங்கியது.

காகிதத்தில் துளை அகலம் மாறவில்லை.
என்னுடையது
நேற்றுப் பதினாறரை.